தாய் கூடலூரில், தந்தை மைசூருவில்: குழந்தையின் பொறுப்பையும் சந்திப்பையும் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மைசூரு, குண்டலுப்பேட்டை, வயநாடு, நிலம்பூர் என்று மாநில எல்லை பாராமல் நடந்துகொண்டிருக்கிறது. மணவாழ்வு முறிந்து இருவரும் அவரவர் பிறந்த ஊருக்குத் திரும்பும்போதுதான், குழந்தை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது எங்கே பார்ப்பது, அதை எந்த ஊர் நீதிமன்றம் சொல்வது என்ற கேள்விகள் ஒன்றாக வந்து நிற்கும். என் தங்கையின் வழக்கில், பிள்ளைக்குத் தாய்மாமன் என்ற முறையில், உதகைக்கும் மைசூருவுக்கும் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் வழக்கின் தனித்தன்மையை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் போகும் முன் கையில் என்ன இருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாகவே எழுதியிருக்கிறேன்.

1. எந்த ஊர் நீதிமன்றம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் (Guardians and Wards Act) 9-ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. திருமணம் எங்கே நடந்தது, தந்தையின் சொந்த ஊர் எது, குழந்தை எங்கே பிறந்தது என்பவை இந்த மனுவைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சமே. விவாகரத்து மனுவுக்கான இட வரம்பு வேறு. அதில் திருமணம் நடந்த இடமும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடமும் கணக்கில் வரும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, மனு எண் ஆவதற்கு முன்பே திருப்பி வாங்கியவர்களை நீதிமன்ற வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

வழக்கமாக வசிப்பது என்றால் எத்தனை மாதம் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. 2011-இல் ருச்சி மாஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று கூறியது. எனவே பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளையை அப்படியே நிறுத்திக்கொண்டு, மறு வாரமே உதகையில் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு இட வரம்பைத்தான் முதலில் கிளப்பும். அந்த ஒரு கேள்வியிலேயே பல வாய்தாக்கள் போய்விடும். அதே சமயம், பிள்ளை இங்கே பள்ளியில் சேர்ந்து ஒரு கல்வியாண்டு படித்துவிட்டது, அதை மறு தரப்பும் அறிந்தே இருந்தது என்றால் உங்கள் நிலை வலுவானது.

குடும்ப நீதிமன்றம் அமைந்துள்ள இடங்களில் அதுவும், இல்லாத இடங்களில் மாவட்ட நீதிமன்றமும் இந்த மனுவை விசாரிக்கும். நீலகிரிக்காரர்கள் பொதுவாக உதகை காக்காத்தோப்பில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும். கூடலூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை என்பதால், காலை முதல் அழைப்புக்கு நிற்க வேண்டுமானால் விடியலிலேயே பேருந்து பிடித்துவிடுங்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய நாள் வீண்.

2. பள்ளித் தாள்களிலிருந்து தொடங்கி ஆவணங்களைச் சேருங்கள்

குழந்தை இந்த ஊர்ப் பிள்ளை என்று காட்ட, பெற்றோர் எழுதும் பிரமாண வாக்குமூலத்தைவிடப் பள்ளியின் ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழும் வருகைப்பதிவு விவரமும் எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் பிள்ளையின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) அதில் இருக்கட்டும். எந்தத் தேதியில் இங்கே சேர்ந்தது என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும். கட்டண ரசீதுகள், மதிப்பெண் அட்டை, பெற்றோர் கூட்டத்துக்கு யார் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கான பதிவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, இரு பெற்றோர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், குழந்தையின் பெயர் உள்ள குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் என்ற ஒன்றே இருக்காது. அவர்கள் தோட்ட அலுவலகத்தில் குடியிருப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் ஆதாரில் இன்னும் மைசூரு முகவரி இருக்கிறதே என்று மனுப் போடுவதற்கு முந்தைய நாள் ஓடிப்போய் மாற்ற வேண்டாம். மாற்றிய தேதி பதிவில் நிற்கும். கேள்வியும் அங்கிருந்துதான் வரும்.

கன்னடத்திலோ மலையாளத்திலோ உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும். இதற்கு ஆள் கிடைக்கவே நாளாகிறது, பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிச் செலவும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கொடுக்காமல், எது அவசியம் என்று வழக்கறிஞரிடம் குறித்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடல்களைச் சாட்சியமாக வைக்க நினைத்தால், கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அச்செடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழை இணைக்க வேண்டும். குடும்ப நீதிமன்றம் சாட்சிய விதிகளில் ஓரளவு நெகிழ்ச்சி காட்டலாம் என்று 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னாலும், சான்றிதழை இணைத்துவிடுவதே நிம்மதி. பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

ஜீவனாம்சமும் சேர்த்துக் கேட்பதாக இருந்தால், 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி இருவருமே சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அதற்கென்று எடுத்து வையுங்கள்.

3. எந்தச் சட்டத்தில் மனு என்று தெரிந்துகொள்ளுங்கள்

விவாகரத்து அல்லது சேர்ந்து வாழக் கோரும் வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்தில் குழந்தையின் பொறுப்பையும் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் இதற்கு 38-ஆம் பிரிவு உண்டு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உண்டு. அப்படி எந்த வழக்கும் இல்லையென்றால், எந்த மதத்தவரும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி மனுவாகப் போடலாம். வழக்கறிஞர்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் அளவுக்கு மீறி நம்புவதும், ஐந்து முடிந்த மறுநாளே பிள்ளை தன்னுடையது என்று தந்தையர் எண்ணுவதும் வழக்கமாக இருக்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று வைத்துவிட்டது. நீதிமன்றங்கள் பார்ப்பதும் அதைத்தான். ஆகவே மனுவில் மறு தரப்பின் குறைகளைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, பிள்ளை காலையில் எப்படிப் பள்ளிக்குப் போகிறது, நீங்கள் வேலைக்குப் போனபின் யார் பார்த்துக்கொள்கிறார்கள், காய்ச்சல் என்றால் எந்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

4. வழக்கறிஞர், இலவச உதவி, செலவு

பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். இது தெரியாமல் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். மாவட்டத் தலைமை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் அந்த வரம்பு இல்லை.

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கக்கூடியதன்று, அனுமதி பெற்றே வைக்க வேண்டும்; அதற்கான சிறு மனுவை அவரே போட்டுவிடுவார். கட்டணம் பேசும்போது, மூல மனுவுக்கும் இடைக்கால மனுக்களுக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பேசியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு ஐ.ஏ.வுக்கும், அதாவது இடைக்கால மனுவுக்கும், தனியாகக் கேட்பது பரவலாக நடப்பதுதான்.

மனுவில் ஒட்டும் நீதிமன்றக் கட்டணம் சொற்பம். மொழிபெயர்ப்பு, நோட்டரி, பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கட்டும் தொகை), சான்றிட்ட நகல், எல்லாவற்றுக்கும் மேலாக வந்து போகும் செலவும் இழக்கும் கூலியும்தான் கையைக் கடிக்கும். வருமானம் இல்லாத தரப்பு, இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் மறு தரப்பிடம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்வான (முறைப்படி போய்ச் சேர்ந்த) நாளிலிருந்து 60 நாட்களுக்குள், இயன்றவரை, இந்த மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடப்பில் அவ்வளவு வேகம் கிடைப்பதில்லை என்றாலும், அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் பலன் உண்டு.

வேறு மாநிலத்துக்கு நோட்டீஸ் சார்வாவதுதான் முதல் தாமதம். இங்கே பேட்டா கட்டியபின் அது அந்த மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அங்குள்ள நீதிமன்ற ஊழியரான அமீனா மூலம் போய்ச் சேர்ந்து, சார்வு அறிக்கை திரும்ப வர மாதக்கணக்காகும். முதல் வாய்தாவிலேயே பதிவுத் தபாலிலும் தனி நோட்டீஸாகவும் அனுப்ப அனுமதி கேட்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் முகவரியில் வீட்டு எண், கிராஸ், மெயின், பின்கோடு எல்லாம் சரியாக இருக்கட்டும். முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

5. அங்கிருந்து சம்மன் வந்தால் கிடப்பில் போடாதீர்கள்

இங்கே நாம் மனுப் போட்டிருக்கிறோமே, அங்கே எதற்குப் போக வேண்டும் என்று பலர் மைசூருவிலிருந்து வந்த சம்மனை வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். வாங்க மறுத்தாலும் சார்வானதாகவே கொள்ளப்படும். பிறகு ஒருதலைப்பட்ச ஆணை வரும். அதை நீக்கக் கோர ஆணைத் தேதியிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம். சம்மன் முறையாகச் சார்வாகாமல் இருந்தால் மட்டுமே உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. எனவே அந்த ஊரில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, வக்காலத்துக் கொடுத்து, இட வரம்பு ஆட்சேபணையை முதல் பதிலிலேயே எழுதச் சொல்லுங்கள். குழந்தை இங்கே படிக்கிறது என்ற பள்ளிச் சான்றிதழ் அங்கேயும் பயன்படும்.

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்டு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே மாற்றக்கூடியது தமிழ்நாட்டுக்குள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத்தான். உச்ச நீதிமன்றத்தில் வழக்கை மாற்றக் கோரும் இந்த மாற்று மனுவைப் பொதுவாக அங்கே பதிவு பெற்ற வழக்கறிஞர் மூலமே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். கட்டணம் கட்ட முடியாத பெண்கள், உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவின் உதவியை உதகையில் உள்ள ஆணைக்குழு வழியாகவே கேட்கலாம். கைக்குழந்தை, தனியாகப் பயணம் செய்ய வேண்டிய நிலை, வருமானமின்மை, இதே ஊரில் நடக்கும் மற்ற வழக்குகள் ஆகியவற்றைத் தாள்களுடன் காட்டினால் மனுவுக்கு வலு. மாற்று மனு நிலுவையில் இருக்கும்போது கீழ் நீதிமன்ற விசாரணை தானாக நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். வாங்கும்வரை அங்கே வாய்தாவுக்கு ஆள் நிற்க வேண்டும்.

இரு ஊர் வழக்குகளையும் இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம். அடுத்த வாய்தாவை வழக்கறிஞரின் குமாஸ்தா சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காணொலி வழியாக ஆஜராகவும் மனு மூலம் அனுமதி கேட்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறும் நாளுக்கு மட்டும் நேரில் வரச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

6. மூல மனுவோடு இடைக்காலச் சந்திப்பையும் கேளுங்கள்

மூல மனு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பிள்ளை மறு பெற்றோரின் முகத்தையே மறந்துவிடும். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்க முடியும். குழந்தையை வைத்திருப்பவரும் இதை எதிர்த்துக் கட்டிப் புரள வேண்டாம். பிள்ளையை மறு பெற்றோரிடமிருந்து பிரிக்க நினைக்கிறவர் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிட்டால் மூல மனுவிலும் அது உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில், பொறுப்புக் கிடைக்காத பெற்றோர் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடமாவது குழந்தையுடன் பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் தரவில்லை என்பதால் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதால் பணத்தை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று விடையாகாது. இரண்டுக்கும் தனித்தனி மனுக்கள் உண்டு.

கோடை விடுமுறைக்கான உத்தரவு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே மனுப் போட்டுவிடுங்கள். மே மாதம் நீதிமன்றங்களுக்கும் விடுமுறை. ஏப்ரல் கடைசியில் போட்ட மனு ஜூனில்தான் எழுந்திருக்கும். அதற்குள் பள்ளி திறந்திருக்கும்.

7. சமரசத்தில் ஒவ்வொரு வரியையும் எழுதி வாங்குங்கள்

குடும்ப நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு விதித்துள்ள கடமை. ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சேர்ந்து வாழச் சொல்வதற்காகத்தான் இது என்று நினைத்துப் பாதிப் பேர் வெறுப்போடு உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். சேர்ந்து வாழ்வது முடியாது, குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று தொடக்கத்திலேயே சொல்லலாம். மாநிலம் தாண்டிய வழக்குகளில் நீதிபதி தானாக எழுதும் ஆணையைவிட, இருவரும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் கூட்டு மெமோவின்படி பிறக்கும் ஆணைதான் நாள்பட நிற்கிறது என்பது நான் கண்டது. மலைப்பாதையின் நேரமும் மழையும் எந்த நீதிபதிக்கும் நம்மளவு தெரியாது.

என் தங்கைக்கு முதலில் கிடைத்த இடைக்கால ஆணையில், மாதம் இருமுறை இருவருக்கும் வசதியான இடத்தில் தந்தை குழந்தையைச் சந்திக்கலாம் என்று ஒரே வரி இருந்தது. முதல் சனிக்கிழமை மாப்பிள்ளை குண்டலுப்பேட்டை பேருந்து நிலையத்தில் நின்றார். நாங்கள் கூடலூர் பேருந்து நிலையத்தில், பிள்ளை மடியில் புதுச் சட்டைப் பையோடு, நண்பகல் தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். இரு தரப்பும் தாங்கள் வந்ததற்குச் சாட்சியாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வாய்தாவில் நீட்டினோம். வசதியான இடம் என்ற சொல்லுக்கு இரண்டு ஊர் அர்த்தம் இருந்தது. பிறகு எழுதிய மெமோ நான்கு பக்கம் போனது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

இடமும் ஆளும்: எந்தப் பேருந்து நிலையம், எந்தப் பக்கம், எத்தனை மணி, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எழுத வேண்டும். கொண்டுவந்து விடுபவர் யார், அவர் வர முடியாவிட்டால் வேறு யார் என்ற பெயர்களும் வேண்டும். முன்பின் தெரியாத சித்தப்பா ஒருவர் வந்து பிள்ளையைக் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்ற தகராறு இதனால் வராது.

நேரம்: பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. சில பேருந்துகளுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டுமே விலக்கு. மைசூருவிலிருந்து ஞாயிறு மாலை 6 மணிக்குப் புறப்பட்டு வந்துவிடலாம் என்று எழுதினால், வழியில் ஒரு தாமதம் நேர்ந்தாலும் பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். நாங்கள் பிற்பகல் 2 மணிக்குள் புறப்பட வேண்டும் என்று எழுதினோம்.

இ-பாஸ்: 2024 மே முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். காரில் வரும் பெற்றோர் முன்கூட்டியே பாஸ் எடுக்க வேண்டியது அவர் பொறுப்பு, பாஸ் கிடைக்கவில்லை என்றால் அரசுப் பேருந்தில் வரலாம் என்று எழுதிக்கொண்டால் வீண் வாக்குவாதம் குறையும். மே மாதம் உதகையில் அறை வாடகை எகிறிவிடும். எனவே அந்த மாதச் சந்திப்பை முடிந்தவரை சமவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூரிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர் மலைப்பாதையிலும் மண்சரிவு நேரும்; ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். அப்படி விட்டுப்போன சந்திப்பு அடுத்த சனிக்கிழமைக்குத் தானாகவே மாறும் என்று ஒரு வரி போதும். காய்ச்சலுக்கும் அப்படியே, மருந்துச் சீட்டை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை: இரு மாநிலப் பள்ளி நாட்காட்டியும் ஒன்றல்ல. கர்நாடகத்தில் தசரா விடுமுறை நீளமானது. இங்கே காலாண்டு விடுமுறை அதை ஒட்டி முன்பின்னாக வரும். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் நம் பக்கம்தான் நீளம். கேரளத்தில் ஓணத்துக்குப் பத்து நாள். பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறதோ அந்தப் பள்ளியின் நாட்காட்டியே செல்லும் என்று எழுதி, ஒவ்வொரு ஜூனிலும் அதன் நகலை மறு தரப்புக்கு அனுப்புவதையும் கடமையாக்குங்கள். தசரா ஒருவருக்கு, பொங்கல் மற்றவருக்கு என்று நிலையாகவும், அரையாண்டு விடுமுறையை ஆண்டுக்கு ஒருவர் என்று மாற்றியும் வைக்கலாம்.

கைப்பேசி: காணொலி அழைப்பு எந்த நாள், எத்தனை மணி, யார் கூப்பிடுவது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் அதுவும் கிடையாது. அழைப்பு அறுந்தால் கால் மணி நேரம் கழித்து மறுமுறை, அதுவும் இல்லையென்றால் மறுநாள் அதே நேரம் என்று வைத்துக்கொண்டோம். பக்கத்தில் நின்று பிள்ளைக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதையும், அழைப்பைப் பதிவு செய்வதையும் இரு தரப்பும் செய்யக் கூடாது என்றும் சேர்க்கலாம்.

மீதி: பயணச் செலவு யாருடையது, மதிப்பெண் அட்டை நகல் யார் அனுப்புவது, அறுவை சிகிச்சை போன்ற அவசரத்தில் யாரைக் கேட்பது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் அச்சம் இருந்தால் பாஸ்போர்ட் யார் வசம் இருப்பது.

நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துப் பேசுவார். பகுத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லிக் கொடுத்து அனுப்பிய பிள்ளை முதல் கேள்விக்குப் பாடம் ஒப்பிக்கும், இரண்டாவதில் அழும். அதை நீதிபதிகள் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

8. ஒருவர் பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டால்

முதலில் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். பெற்றோரில் ஒருவர் என்பதால் கடத்தல் வழக்குப் பதிவு செய்ய மாட்டார்கள், நீதிமன்றம் போங்கள் என்பார்கள். ஆனாலும் பிள்ளை எந்தத் தேதிவரை இங்கே இருந்தது என்பதற்கு அந்த ரசீது சாட்சி. குழந்தைக்கு ஆபத்து என்று அஞ்சினால் 1098-ஐ அழையுங்கள்.

அடுத்து, பிள்ளை வழக்கமாக வசித்த ஊர் நீதிமன்றத்தில் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ், பிள்ளையைத் திரும்பக் கேட்கும் மனு. நாள் கடத்தாதீர்கள், அங்கே பிள்ளை பள்ளியில் சேர்ந்து மாதங்கள் ஓடிவிட்டால் அதுவே வழக்கமான வசிப்பிடம் என்று வாதம் திரும்பிவிடும். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள் என்று நம்பியும் இருக்க வேண்டாம். எட்டாம் வகுப்புவரை மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ், தான் தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊர் நடுவரிடமே இடைக்காலப் பொறுப்பைக் கேட்கலாம்.

ஆட்கொணர்வு மனு எல்லோரும் முதலில் நினைப்பது. 2019-இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்ட அதிகாரமின்றிக் குழந்தையை வைத்திருக்கும் நிலையில் மட்டுமே அது பொருந்தும், மற்றபடி 1890-ஆம் ஆண்டுச் சட்டமே வழி என்று தெளிவாக்கியிருக்கிறது. ஏற்கெனவே உங்கள் பெயரில் ஓர் ஆணை இருந்து அதை மீறிக் கொண்டுபோயிருந்தால் ஆட்கொணர்வு மனு பலமாக நிற்கும். பிள்ளை இருக்கும் மாநிலத்து உயர் நீதிமன்றத்தில் போடுவதே நடைமுறையில் எளிது: மைசூரு என்றால் பெங்களூரு, வயநாடு என்றால் எர்ணாகுளம். இங்கேயே போடுவதாக இருந்தால் நீலகிரிக்குச் சென்னை. பழனி மலைப் பக்கத்தவருக்கு மதுரைக் கிளை.

9. ஆணை வந்தபின்

தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். குடும்ப நீதிமன்ற இறுதி ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே உள்ளன. இடைக்கால ஆணைகளுக்கு அந்த மேல்முறையீடு இல்லை. சீராய்வு போன்ற வேறு வழிதான். மறு தரப்பு மேலே போகக்கூடும் என்று தோன்றினால் கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற முன்மனு) போட்டு வைக்கலாம். அது 90 நாட்களுக்குச் செல்லும்.

மறு தரப்பு வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு ஆணையை மதிக்காவிட்டால், நிறைவேற்று மனுவை ஆணை பிறப்பித்த நீதிமன்றத்திலேயே போட்டு, அவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அவமதிப்பு மனு என்றால் மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள். விட்டுப்போன ஒவ்வொரு சந்திப்பையும் தேதி, நேரம், பேருந்துச் சீட்டோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மட்டுமே இந்த மனுக்கள் நகரும்.

பொறுப்பு, சந்திப்பு பற்றிய ஆணை எதுவும் கல்வெட்டு இல்லை. பிள்ளை வளரும்போதும், ஒருவர் ஊர் மாறும்போதும், மறுமணம் செய்யும்போதும் அதே நீதிமன்றத்தில் மாற்றக் கேட்கலாம் என்பதை 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிவிட்டது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி, விடுதி என்று ஏதாவது யோசித்திருந்தால், பள்ளியில் முன்பணம் கட்டுவதற்கு முன் மறு தரப்புக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தி, ஜனவரிக்குள் ஆணையை மாற்றக் கோரும் மனுவைப் போட்டுவிடுங்கள்.